சரோஜா கூடை என்று இனிச் சொல்லாதீர்கள்

போன மாதம் ஒரு காலையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது கவிதா போன் செய்தாள். பிறை என்ற ஊரில் நான் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்த ஃபேக்டரியில் அவள் இப்போது தரம் பார்க்கும் இன்ஜினியர். நான் ஓய்வு பெற்ற வருஷம் பயிற்சிக்கு வந்த பெண். ஃபேக்டரி இப்போது பிறையில் இல்லை. பத்து காவான் என்ற ஊரில் பெரிய கட்டடம் கட்டிக்கொண்டு போய்விட்டது. ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்களாம், தமிழ்ப் பக்கங்களை அவள் பார்த்துக்கொள்கிறாளாம், பழைய ஆள் என்ற முறையில் நான் எழுத வேண்டுமாம்.

"உங்க விரல் கதைய எழுதுங்கக்கா. புது ஆளுங்களுக்கு ட்ரெய்னிங் கொடுக்கிறப்ப நாங்க இன்னும் அதத்தான் சொல்றோம். இப்ப கேமரா மிஷின் வந்துருச்சு. அதுவே எழுத்தப் படிக்குது, சூட்டப் பாக்குது, சரி தப்பு சொல்லிடுது. ஆனா மேரி அக்கா விரல் மாதிரி வருமா?"

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எழுபத்திரண்டு வயதில், ஜார்ஜ் டவுனில் ஏழாவது மாடி வீட்டில் தனியாக வெங்காயம் உரிக்கிற ஒருத்தியின் விரலைப் பற்றிப் பேச இன்னும் ஆள் இருக்கிறது என்றால் யாருக்குத்தான் பெருமை வராது. சரி, எழுதுகிறேன் என்றேன்.

அதோடு அவள் போனை வைத்திருக்கலாம். "அந்த மிஷின் வந்ததிலேருந்து சரோஜா கூடையே கிடையாதுக்கா" என்றாள்.

அது என்ன கூடை என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா? கூடை மாறிப் போச்சுன்னா அப்படித்தான் சொல்லுவோம். மலாய்க்காரங்க, சீனவங்க, எல்லாருமே. முன்ன யாரோ ஒரு சரோஜா ரெண்டு கூடைய மாத்திக் கொடுத்துட்டாங்களாம். அந்தப் பேரு அப்படியே ஒட்டிக்கிச்சு லா."

அவள் சிரித்தாள். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆகையால் கவிதா கேட்ட விரல் கதையை எழுதுகிறேன். ஆனால் அவள் கேட்டதுபோல் பாதியை அல்ல, முழுசையும்.

நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புவரைதான் போனேன். ஜெபப் புத்தகம் வாசித்து வாசித்து என் தமிழ் கொஞ்சம் திருந்தியது. இப்போதுகூட மெதுவாகத்தான் எழுதுகிறேன், பிழையைக் கவிதா திருத்துவாள். கணக்கு எண் எல்லாம் நன்றாகத் தெரியும். ஆங்கிலம் தெரியாது. ஒரு எழுத்துகூடத் தெரியாது என்றால் நம்ப மாட்டீர்கள், ஆனால் அதுதான் உண்மை. வேலைக்கு மனு எழுதியது என் தங்கை. கையெழுத்தை மட்டும் ஆங்கிலத்தில் ஒரு வாரம் பழகினேன், கடைசி எழுத்துக்கு வால் வைத்து. அந்த வாலைப் பார்த்தவர்கள் எனக்குப் படிப்பு இருக்கிறது என்றே நினைத்தார்கள். இல்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதலில் பல வருஷம் டிரான்ஸ்ஃபார்மருக்குச் செம்புக் கம்பி சுற்றினேன். பிறகு சுற்றுகிற வேலையே நின்றுபோய், வெளியிலிருந்து கட்டி வர ஆரம்பித்தது. கட்டி என்பது நாங்கள் வைத்த பெயர். கன்வர்ட்டர் மாட்யூல் என்பார்கள். தீப்பெட்டியில் பாதி இருக்கும். கறுப்பு உடம்பு, அடியில் ஐந்து கால். ஒரு பக்கம் பெரிய வோல்ட் கொடுத்தால் மறுபக்கம் சின்ன வோல்ட் தரும். முன்பு ஒரு கை நிறைய இருந்த சாமான் எல்லாம் அந்தச் சின்ன உடம்புக்குள் அடங்கிவிட்டது. அதை வாங்கிப் பார்த்து, நல்லது கெட்டது சொல்லி உள்ளே அனுப்பும் மேசைக்கு என்னை மாற்றினார் மிஸ்டர் ஓங்.

மிஸ்டர் ஓங் எங்கள் சூப்பர்வைசர். நிபோங் திபால் பக்கம் தமிழர்கள் கூலி வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் அவர் அப்பாவுக்கு மளிகைக் கடை இருந்ததாம். அதனால் தமிழ் பேசுவார், எங்களைவிட வேகமாக. சத்தம் போட மாட்டார். தப்பு நடந்தால் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நம் மேசையை அவரே துடைப்பார். துடைத்து முடித்துவிட்டுத்தான் பேசுவார். அந்தத் துடைப்பு முடிகிற வரைக்கும் நமக்கு உயிர் இருக்காது. வேறு ஃபேக்டரிகளில் கத்துகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பயப்படவே இல்லை. இவருக்குப் பயந்தேன்.

கட்டியைப் பற்றி அவர் சொல்லிக் கொடுத்ததை இன்றைக்கும் ஒப்பிப்பேன். கையில் எடுத்ததும் நாலு கேள்வி கேட்க வேண்டும். உள்ளே எவ்வளவு வாங்கும்? வெளியே எவ்வளவு கொடுக்கும்? எவ்வளவு சுமை தாங்கும்? எங்கே உட்காரப் போகிறது? முதல் மூன்றையும் பேப்பரில் எழுதியிருப்பார்கள், நாலாவதை நாம்தான் பார்க்க வேண்டும் என்பார்.

அந்த நாலாவது எனக்கு எப்படிப் புரிந்தது என்றால், ஒரு தடவை கொள்முதல் பார்க்கிறவர் மலிவான கட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பேப்பரில் பத்து வாட் தரும் என்று இருக்கிறது, நமக்கு எட்டு போதும், இதையே வாங்கலாம் என்றார். மிஸ்டர் ஓங் என்னைக் கூப்பிட்டார். கேண்டீனிலிருந்து காலி பிஸ்கட் டின் ஒன்றை எடுத்துவரச் சொன்னார். அந்தக் கட்டியில் எட்டு வாட் சுமையை மாட்டி, டின்னுக்குள் வைத்து மூடினார். எங்கள் மெஷின் பெட்டிக்குள் காற்று போகாது, அதனால் டின். நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் கட்டி நின்றுபோயிருந்தது.

"பேப்பர்ல இருக்கிறது ஏர்கான் ரூம்ல உக்காந்திருக்கிற கட்டி. நம்ம கட்டி பொட்டிக்குள்ள வேகிற கட்டி" என்றார்.

சூடு ஏன் வருகிறது என்று நான் கேட்டேன். தேங்காய்ப் பால் பிழிந்தால் சக்கை மிஞ்சுகிறதே, அதுபோல வோல்ட்டைப் பிழிந்தால் சூடு மிஞ்சும் என்றார். நல்ல கட்டியில் சக்கை கொஞ்சம். தப்பான கட்டியில், அல்லது தப்பான வோல்ட் கொடுத்த கட்டியில், சக்கை அதிகம். மீட்டர் ஏமாற்றும், சூடு ஏமாற்றாது.

அதிலிருந்து வந்ததுதான் விரல் சோதனை. ஒவ்வொரு பெட்டியிலும் ஐந்து கட்டி எடுக்க வேண்டும். சுமை இல்லாமல் பார்க்கக் கூடாது. சுமை இல்லாவிட்டால் எல்லாக் கட்டியும் நல்ல பிள்ளைதான் என்பார். சுமையை மாட்டி, இருபத்து நாலு வோல்ட் கொடுத்து, மறுபக்கம் ஐந்து வருகிறதா பார்த்து, பத்து நிமிஷம் ஓடவிட வேண்டும். பிறகு ஆள்காட்டி விரலை மேலே வைத்து எண்ண வேண்டும். ஐந்துவரை வைத்திருக்க முடிந்தால் சரி. அதற்குள் விரலை எடுத்தால் அந்தப் பெட்டியை நிறுத்தி வைத்து அவரைக் கூப்பிட வேண்டும்.

என் விரல் அதில் தேர்ந்துவிட்டது. மூன்றரை, நாலரை என்று பாதி எண்ணிக்கைகூட எனக்குத் தெரியும். ஒரு முறை நாலில் எடுத்தேன். மிஸ்டர் ஓங் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. நான் விடவில்லை. கட்டியை உடைத்துப் பார்த்ததில் உள்ளே ஒரு சாலிடர் ஒட்டு விரிசல் விட்டிருந்தது. அன்றைக்கு அவர் என் மேசையைத் துடைக்கவில்லை. என் விரலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். கவிதா சொல்கிற கதை அதுதான். அது நடந்தது உண்மை.

இப்போது மற்றது.

கட்டியில் இரண்டு சாதி உண்டு. இருபத்து நாலு வோல்ட் வாங்குவது ஒன்று, பன்னிரண்டு வாங்குவது ஒன்று. இரண்டும் ஐந்துதான் கொடுக்கும். அளவு, கால், நிறம் எல்லாம் ஒன்று. மேலே எறும்பு மாதிரி அச்சடித்திருக்கிற வரியில் நடுவில் ஒரே ஒரு ஆங்கில எழுத்து வேறாக இருக்கும். பெட்டி லேபிளிலும் ஆங்கிலம்தான், வோல்ட்டை எண்ணில் போட மாட்டார்கள். பன்னிரண்டு வாங்குகிற கட்டிக்கு இருபத்து நாலைக் கொடுத்தால் உடனே சாகாது. ஐந்து வோல்ட் ஒழுங்காகத் தரும். ஆனால் வெந்துகொண்டே தரும். சில வாரத்தில் செத்துப்போகும்.

அந்த எழுத்து எனக்குத் தெரியாது. ஸ்டோரிலிருந்து பெட்டி கொண்டுவருகிற சலீம் அண்ணன், "மேரி, இது டுவென்டி ஃபோர், இது டுவெல்வ்" என்று வாயால் சொல்லி வைப்பார். அது அவர் வழக்கம். எனக்காகச் செய்யவில்லை, அவருக்கு வாய் சும்மா இருக்காது. நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, கட்டிகளை நீலக் கூடையில் மாற்றி, இருபத்து நாலு கூடைக்குச் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு வைத்த அட்டையைக் கிளிப்பில் மாட்டுவேன். பன்னிரண்டுக்கு வெள்ளை அட்டை. அந்தப் பொட்டு என் யோசனை. ஆறேழு வருஷம் ஃபேக்டரி முழுக்க என் பொட்டைப் பார்த்துத்தான் வேலை நடந்தது. கட்டி மேலே இருக்கிற எழுத்தை யாரும் படிக்கவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள்கூட.

சரோஜா அந்தக் கூடைகளை வண்டியில் ஏற்றி லைனுக்குக் கொண்டுபோகிறவள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். பள்ளிப் படிப்பின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்தவள், நல்ல ஆங்கிலம். கையில் ஒரு பிள்ளை, வீட்டுக்காரருக்கு லாரி ஓட்டும் வேலை. டெக்னீஷியன் படிப்புக்கு ஃபேக்டரி செலவில் இரண்டு பேரை அனுப்பப் போவதாக மிஸ்டர் ஓங் சொல்லியிருந்தார். அதில் ஒரு பெயர் சரோஜா. எங்கள் பெண்களில் அதுவரை யாரும் போகவில்லை. எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு சலீம் அண்ணன் லீவு. வேறொரு ஆள் இரண்டு பெட்டியையும் என் மேசையில் இறக்கிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. நான் லேபிளைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால் கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான். சலீம் அண்ணன் எப்போதும் இருபத்து நாலை இடது பக்கம் வைப்பார். அதனால் இடது பக்கத்தை இருபத்து நாலு என்று வைத்துக்கொண்டேன்.

அப்போது சரோஜா வண்டியோடு பக்கத்தில் நின்றாள். நான் லேபிளையே வெறித்துக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பாள்போல.

"அக்கா, நான் படிச்சுச் சொல்லவா?" என்றாள்.

சாதாரணமாகத்தான் கேட்டாள். குரலில் கேலி எதுவும் இல்லை. ஆனால் அடுத்த மேசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

"எனக்கு நீ படிச்சுச் சொல்லணுமா? டெக்னீஷியன் ஆனதுக்கப்புறம் வந்து சொல்லு" என்றேன்.

அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். சரோஜா வண்டியைத் தள்ளிக்கொண்டு அப்பால் போய்விட்டாள்.

நான் ஐந்து கட்டி எடுத்தேன். சுமை மாட்டினேன். இருபத்து நாலு கொடுத்தேன். மீட்டரில் ஐந்து வந்தது, புள்ளிக்குப் பின்னால்கூடச் சரியாக. பத்து நிமிஷம் கழித்து விரலை வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றில் விரல் தானாக விலகிக்கொண்டது.

அன்றைக்கு எங்கள் பகுதியில் ஏர்கான் பழுது. எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. அதனால்தான் இந்தச் சூடு என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். அடுத்த கட்டியையும் தொட்டேன். அதுவும் மூன்று. நிறுத்தினால் மிஸ்டர் ஓங்கைக் கூப்பிட வேண்டும். அவர் வந்தால் முதலில் லேபிளைத்தான் படிக்கச் சொல்வார். எல்லோர் முன்னாலும், சரோஜா முன்னாலும்.

கம்பி சுற்றிய காலத்தில் என் மோதிர விரல் நுனி காய்த்துப்போயிருந்தது. அந்த விரலை எடுத்து வைத்தேன். அது ஐந்துவரை தாங்கியது. தாளில் ஐந்து என்று எழுதி, வால் வைத்த கையெழுத்தைப் போட்டேன். இடது பெட்டிக் கட்டிகளைக் கூடையில் கொட்டி, சிவப்புப் பொட்டு அட்டையை மாட்டினேன். வலது பெட்டிக்கு வெள்ளை அட்டை. அது அடுத்த மாத வேலைக்கு, அதனால் அன்றைக்குச் சோதிக்கவில்லை. காலிப் பெட்டிகள் மத்தியானமே பழைய அட்டைப்பெட்டி வாங்குகிறவரோடு போய்விட்டன.

அந்தக் கட்டிகள் ஆஸ்பத்திரியில் மருந்து சொட்டவிடுகிற பம்ப்புக்குள் போகிறவை.

அடுத்த மாதம் இரண்டு கூடையின் விஷயமும் ஒரே வாரத்தில் வெளியே வந்தது. வெள்ளை அட்டைக் கூடையை எடுத்து வேலை ஆரம்பித்தார்கள். உள்ளே இருந்ததோ இருபத்து நாலு வாங்குகிறது, பன்னிரண்டு பத்தாமல் ஒரு போர்டுகூட உயிர் பெறவில்லை. அதற்குள் வாங்கிய கம்பெனியிலிருந்து பம்ப் நின்றுபோகிறது என்று செய்தி. நல்லவேளை, நின்றால் அலாரம் அடிக்கும். நர்ஸுகள் வேறு பம்ப்பை மாட்டிவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றார்கள். பிற்காலத்தில் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டில் பக்கத்தில் அதே மாதிரி ஒரு பம்ப் நின்றது. பதினொரு நாளும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கூடை மாறியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிட்டது. எங்கே மாறியது என்பதுதான் கேள்வி. என் மேசையிலா, சரோஜா வண்டியிலா. எங்கள் இரண்டு பேரையும் மீட்டிங் ரூமில் உட்கார வைத்தார்கள். மானேஜர், வாங்கிய கம்பெனி ஆட்கள் இருவர், மிஸ்டர் ஓங். என் தாள் நடுவில் கிடந்தது.

மிஸ்டர் ஓங் முதலில் சரோஜாவைக் கேட்டார். வழியில் ஏதாவது நடந்ததா?

அவள் யோசித்தாள். பிறகு, யாரும் பார்க்காத ஒன்றை, அவளாகவே சொன்னாள். லிஃப்ட் வாசலில் வண்டி இடித்து இரண்டு அட்டையும் கழன்று விழுந்தன. எந்த அட்டை எந்தக் கூடை என்று ஞாபகம் இருந்தது, திருப்பி மாட்டினேன் என்றாள்.

"நிச்சயமா?" என்று கேட்டார்.

"நிச்சயம்தான்னு நெனைக்கிறேன், மிஸ்டர் ஓங்."

அவர் என் பக்கம் திரும்பினார். "மேரி, உன் மேசைய விட்டுப் போறப்ப சரியா இருந்துச்சா?"

மூன்று என்ற எண் என் வாயில்தான் இருந்தது. அதைச் சொன்னால் மோதிர விரலைச் சொல்ல வேண்டும். மோதிர விரலைச் சொன்னால் லேபிளைச் சொல்ல வேண்டும்.

"சரியாத்தான் இருந்துச்சு. அஞ்சு எண்ணினேன்" என்றேன்.

மிஸ்டர் ஓங் கைக்குட்டையை எடுத்தார். சரோஜா முன்னால் இருந்த மேசையைத் துடைத்தார். என் பக்கம் துடைக்கவில்லை.

அவளை வேலையைவிட்டு நீக்கவில்லை. பேக்கிங்குக்கு மாற்றினார்கள். டெக்னீஷியன் படிப்புக்கு அவள் இடத்தில் வேறு பெயர் போனது. பேக்கிங்கில் அவளைப் பார்த்து, கூடை பத்திரம் என்று தினம் யாராவது சொல்வார்கள். நான் சொல்லவில்லை. ஆனால் கூட நின்று கேட்டிருக்கிறேன். மூன்று மாதத்தில் வேலையை விட்டாள். கடைசி நாள் என் மேசைக்கு வந்து, "என்னால உங்க பேருக்கும் கேள்வி வந்துருச்சு, மன்னிச்சுக்கங்கக்கா" என்றாள். நான் பரவாயில்லை என்றேன். அந்தப் 'பரவாயில்லை'யைச் சாமியாரிடம் செய்த எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் நான் சொன்னதில்லை. பொய் சொன்னேன் என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் அதே மேசையில் உட்கார்ந்தேன். பொட்டு வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். பார்வை மங்குகிறது என்று பொய் சொல்லி, லேபிளைச் சத்தமாகப் படிக்கும் வேலையை ஸ்டோர் ஆளுக்கே விதியாக்கச் சொன்னேன். மிஸ்டர் ஓங் அதற்கும் என்னைப் பாராட்டினார். அவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. சாவு வீட்டுக்குப் போனேன். அவர் மகள் என் கையைப் பிடித்து, அப்பா உங்கள் விரலைப் பற்றி வீட்டில் பேசுவார் என்றாள்.

கவிதா போன் செய்த அந்த வாரக் கடைசியில், சரோஜா இருக்கிற இடத்தை விசாரித்துக்கொண்டு, கவிதா காரிலேயே நிபோங் திபாலுக்குப் போனேன். சரோஜா என்று ஒருத்தி உண்மையிலேயே இருக்கிறாள் என்பதை வழியில்தான் அவளிடம் சொன்னேன். என்னை இறக்கிவிட்டு, காரிலேயே இருக்கிறேன் என்றாள்.

சரோஜா பள்ளிக்கூடக் கேண்டீன் ஒன்றை நடத்துகிறாள். தலை நரைத்திருக்கிறது. வாங்கக்கா என்று உள்ளே கூப்பிட்டு, அடுப்படியிலேயே நாற்காலி போட்டாள். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. உடம்பில் ஒன்று, மூடியில் ஒன்று, உள்ளே போட்டிருக்கிற கரண்டியில் ஒன்று. உப்புக்கும் சீனிக்கும்கூட. கண்ணாடி டப்பாவில் இருக்கிற மிளகாய்க்கும்கூட.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். "அந்தக் கூடைக்கு அப்புறம் எனக்கு என் கண்ணு மேலேயே நம்பிக்கை இல்லாமப் போச்சுக்கா. மாத்தி மாட்டலன்னுதான் அன்னைக்குத் தோணிச்சு. ஆனா மாத்தித்தானே மாட்டியிருக்கேன்."

அதற்குமேல் என்னால் வைத்திருக்க முடியவில்லை. சலீம் அண்ணன் லீவிலிருந்து மோதிர விரல்வரைக்கும் சொன்னேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் குரல் நடுங்கியது. அவளுக்குச் செய்ததைச் சொல்லும்போது நடுங்காத குரல் அதற்கு நடுங்கியது. அதையும் அவள் கவனித்தாள்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. அடுப்பை அணைத்தாள். அணைந்ததா என்று குனிந்து பார்த்தாள். மறுபடியும் குனிந்து பார்த்தாள்.

"எத்தன எண்ணினீங்க?"

"மூணு."

"ரெண்டு கட்டியிலயுமா?"

"ரெண்டுலயும்."

மலரில் எழுதப் போகிறேன் என்று நான்தான் சொன்னேன். அவள் பெயருக்கு ஒட்டியிருக்கிற கூடையைப் பற்றியும் சொன்னேன். அது அவளுக்கும் தெரியாது. அதைக் கேட்டபோதுதான் முகம் மாறியது.

"தமிழ்ல எழுதுவீங்களா?"

ஆமாம் என்றேன்.

"அந்த மீட்டிங் ரூம்ல உக்காந்திருந்ததுல, உங்களத் தவிர தமிழ் படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான் அக்கா. என் பேரச் சொல்லிச் சிரிக்கிற எல்லாருமா தமிழ் படிக்கிறாங்க? இங்கிலீஷ்லயும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அந்த ட்ரெய்னிங் ரூம் செவுத்துல ஒட்டச் சொல்லுங்க."

அவள் சொன்னது நியாயம். தமிழில் எழுதினால் நம் ஆட்கள் படித்து, பாவம் மேரி அக்கா, எவ்வளவு பெரிய மனசு என்பார்கள். எனக்கு அது வசதியாகத்தான் இருந்திருக்கும்.

கவிதா மேலே கேட்டுப் பார்த்தாள். மலரின் ஆங்கிலப் பக்கத்தில் போடவும், பயிற்சி அறையில் ஒட்டவும் சம்மதித்தார்கள். நீங்கள் இதுவரை வாசித்ததைச் சுருக்கி, ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினாள். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் மறுபடியும் நிபோங் திபாலுக்குப் போனோம். நான் அதைச் சரோஜா முன்னால் வைத்தேன். என் பேனாவையும் வைத்தேன்.

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் படிச்சுச் சொல்லவா?"

"படி" என்றேன்.

ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் படித்து, உடனே தமிழில் சொன்னாள். மானேஜருக்குப் படிப்பதுபோல நிதானமாகப் படித்தாள். நடுவில் ஒரு வரியில் நின்றாள். கவிதாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க 'தெரியாமல் அனுப்பிவிட்டேன்'னு போட்டிருக்கு."

கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். வயசானவங்க, கொஞ்சம் மெதுவா இருக்கட்டும்னுதான் என்று முணுமுணுத்தாள்.

சரோஜா எந்த வார்த்தை அது என்று விரல் வைத்துக் காட்டினாள். எனக்கு அது ஒரு கறுப்புக் கோடு மாதிரிதான் தெரிந்தது. அவள் விரல் இருந்த இடத்தில் பேனாவை வைத்து அதை நானே அடித்தேன், இரண்டு முறை. மேலே என்ன எழுத வேண்டும் என்று அவள் தனித் தாளில் பெரிதாக எழுதிக் காட்டினாள். அதைப் பார்த்து, எழுத்து எழுத்தாக வரைந்தேன். பிறகு கீழே கையெழுத்துப் போட்டேன். வால் வைக்கவில்லை.

பயிற்சி அறைச் சுவரில் அந்தத் தாள் இருக்கிறது. அடித்த இடத்துக்கு மேலே கோணலாக இருப்பது என் எழுத்து. தெரிந்தே என்று அர்த்தமாம்.